தழும்பு தெரியும்போது பேன் போயிருக்கும்: தென்னை ஈரியோபைட் சிலந்தி, ஒரு நிகழ்வு ஆய்வு

1997ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் இலங்கையின் கற்பிட்டிப் பகுதித் தென்னைகளில் ஒரு புதிய சேதம் கண்ணில் பட்டது. 1998இல் கேரளத்தில், எர்ணாகுளம் மாவட்டம் ஆம்பல்லூர் ஊராட்சியிலும் அதே சேதம். காய் சிறுத்து, கோணி, காம்புப் பக்கத்திலிருந்து பழுப்பாக வெடித்துக் கிடந்தது. சில காய்களில் பிசினும் வடிந்திருந்தது. ஈரியோபைட் சிலந்தி (சுருக்கமாக இங்கே 'பேன்') என்று பெயர் தெரிந்த பிறகும் அதை அங்கேயே நிறுத்தி வைக்க முடியவில்லை. ஓரிரு ஆண்டுகளில் பொள்ளாச்சி, ஆனைமலை, கன்னியாகுமரி, கர்நாடகத்தின் தென்னை மாவட்டங்கள் என்று பரவிவிட்டது. லட்சத்தீவையும் விட்டுவைக்கவில்லை.

இன்று அந்தப் பழைய பதற்றம் இல்லை. ஆனால் பேன் எங்கும் போய்விடவில்லை. கோடையில் எந்தத் தென்னந்தோப்புக்குள் நுழைந்து உதிர்ந்து கிடக்கும் காய்களைப் புரட்டினாலும் பழுப்புத் தழும்பு போட்ட காய் கையில் கிடைக்கும். "மருந்து கொடுத்தேன், ஆனாலும் காய் இப்படித்தான் வருது" என்ற பேச்சும் கூடவே வரும். இந்தப் பேனுக்கு மருந்து இல்லாமல் போன காலம் என்று ஒன்று கிடையாது. தப்பிப்போனது பெரும்பாலும் நேரம்தான். தோப்புக்காரர் சேதத்தைப் பார்ப்பது வெட்டிப்போட்ட முற்றிய காயில். அந்தக் காயைப் பேன் தின்றது எட்டு, ஒன்பது மாதங்களுக்கு முன்னால். அன்றைக்கு அது எலுமிச்சை அளவுக் குரும்பையாக மரத்தின் உச்சியில் இருந்தது, கீழிருந்து பார்த்தவர் கண்ணுக்குச் சேதம் தெரியவில்லை. இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளாமல் எந்த மருந்தைக் கொடுத்தாலும் பலன் பாதிதான்.

எங்கிருந்து வந்தது

மெக்சிகோவின் குவெரேரோ மாநிலத்தில் எடுத்த மாதிரிகளை வைத்து 1965இல் கெய்ஃபர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை விவரித்தார். மாநிலத்தின் பெயரே இனப்பெயராகி, 'அசேரியா குவெரேரோனிஸ்' ஆயிற்று. 1960களின் பிற்பகுதியில் மேற்கு ஆப்பிரிக்காவில் கண்டார்கள். பிறகு முப்பது ஆண்டுகள் கழித்து நம் பக்கம். பிற்காலத்தில் செய்த மரபணு ஆய்வுகளில் அமெரிக்கக் கண்டத்துப் பேன்களிடையே வேறுபாடு அதிகமாகவும், ஆப்பிரிக்க, ஆசியப் பேன்களிடையே மிகக் குறைவாகவும் இருந்தது. அதாவது தாயகம் அந்தப் பக்கம். இங்கே வந்து பெருகியவை அதில் ஒரு சிறு கிளை. கப்பலில் வந்த காயிலா, யாரோ கையில் கொண்டுவந்த நாற்றிலா என்பதைவிட, வந்த பிறகு காற்றே அதைத் தோப்புக்குத் தோப்பு கொண்டுபோனது என்பதுதான் முக்கியம். வேலி போட்டு நிறுத்தக்கூடிய எதிரி அல்ல இது.

தென்னைக்கு இன்னொரு பேனும் உண்டு. அதன் பயணம் இதற்கு நேர் எதிர்த் திசையில். ஓலையின் அடிப்பக்கத்தில் சிவப்பாகக் கூட்டம் கூடி வாழும் 'ராவோயெல்லா இண்டிகா', கோயம்புத்தூர்த் தென்னை ஓலைகளில் எடுத்த மாதிரியைக் கொண்டு 1924இல் விவரிக்கப்பட்டது. அது 2004இல் கரீபியனில் மார்டினிக் தீவில் தென்பட்டு, அங்கிருந்து தீவு தீவாகப் பரவி, தென்னையையும் வாழையையும் வாட்டியது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று ஓலையில் வாழ்வது, கூர்ந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்கே சிவப்புப் புள்ளியாகத் தெரியும். நாம் பேசும் ஈரியோபைட் காயில் வாழ்வது, கண்ணுக்குத் தெரியாதது.

இதழைப் பிரித்துப் பார்த்தால்

பேச்சுக்குப் பூச்சி என்கிறோம். சிலந்தி வகையைச் சேர்ந்ததால் எட்டுக் கால் இருக்க வேண்டும். இதற்கு இருப்பது முன்பக்கத்தில் நான்கே கால். உடம்பு புழுவைப் போல நீண்டு, பால் வெள்ளையாக இருக்கும். நீளம் கால் மில்லிமீட்டர். அகலம் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு. முட்டையிலிருந்து முதிர்ந்த பேன் ஆக ஏழு முதல் பத்து நாள் போதும்.

சந்தேகப்படும் குரும்பை ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். காம்பை ஒட்டி, காயின் தலையைக் கவித்தபடி வெளியில் மூன்று, உள்ளே மூன்று என்று ஆறு இதழ்கள் இருக்கும். கத்தி முனையால் ஒவ்வொன்றாக நெம்பி எடுங்கள். உள்ளே காயின் தோல் வெளிறிய, மிக மென்மையான பட்டையாக இருக்கும். காய் வளர்வதே அந்த இடத்திலிருந்துதான். பேன் இருந்தால் அந்தப் பட்டையிலும் இதழின் உட்பக்கத்திலும் மாவு தூவினாற்போல் வெள்ளைப் பூச்சு தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பார்த்தால் அந்த மாவு நெளிவது தெரியும், அதுவும் வெயில் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால். நுண்ணோக்கியில் வைத்தால் பிறகு சந்தேகமே வேண்டாம். ஒரே காயில் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

கருவுறாத பெண் பூவில் இதழ்கள் காயை இறுக்கிப் பிடித்திருக்கின்றன, பேனால் நுழைய முடியாது. கருவுற்றுக் காய் பெருக்கத் தொடங்கியதும் இதழுக்கும் தோலுக்கும் நடுவே மயிரிழை அளவு சந்து விழுகிறது. பேன் நுழைவது அப்போது. இரண்டு மாதக் காயிலிருந்து எண்ணிக்கை ஏறி, மூன்று, நான்கு மாதத்தில் உச்சம் தொட்டு, ஆறு மாதத்துக்குள் வடிந்துவிடுகிறது. தோல் முற்றிக் கடினமானதும் உறிஞ்ச ஒன்றும் இல்லை; பேன் அடுத்த இளங்குலைக்குப் போய்விடுகிறது.

தழும்பின் வரலாறும் இதே வரிசைதான். பேன் குடியேறி ஏறக்குறைய ஒரு மாதத்தில், இதழ் விளிம்புக்குக் கீழே வெளிர் மஞ்சளாக ஒரு முக்கோணப் பட்டை எட்டிப்பார்க்கும். முக்கோணத்தின் அடிப்பக்கம் இதழை ஒட்டியும், முனை கீழ்நோக்கியும் இருக்கும். அப்புறம் அது பழுப்பாகி, காய் பெருக்கப் பெருக்கக் கீழே நகர்ந்து, தோல் தக்கையாகி, நெடுக்குவாட்டில் வெடிக்கும். ஆக, வெளிர் மஞ்சள் முக்கோணம் என்றால் பேன் உள்ளே வேலையில் இருக்கிறது. காய்ந்து வெடித்த பழுப்புத் தழும்பு என்றால் அது நடந்து முடிந்த கதை. என்னைக் கேட்டால், இந்தப் பேனைப் பற்றித் தோப்புக்காரர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மனத்தில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இந்த வேறுபாடாக இருக்க வேண்டும்.

எல்லாத் தழும்பும் பேன் அல்ல, எல்லாக் குரும்பை உதிர்வும் பேன் அல்ல. பாளையில் வரும் பெண் பூக்களில் பெரும்பகுதி இயல்பாகவே உதிரும். தண்ணீர் குறைந்தாலும், போரான் சத்துப் பற்றாக்குறை இருந்தாலும் இன்னும் கூடுதலாக உதிரும். கேரளத்திலும் குமரிப் பக்கத்திலும் காயைக் குத்திச் சாறு உறிஞ்சும் ஒரு நாவாய்ப்பூச்சி இருக்கிறது. அதன் சேதம் குத்திய இடத்தில் குழிந்த புள்ளியாகத் தொடங்கி, காய் வளர்ந்ததும் பள்ளமாகவும் பிசினாகவும் மாறும். இதழ் விளிம்பிலிருந்து ஒழுங்காக இறங்கும் முக்கோணம் அதில் இருக்காது. உதிர்ந்த குரும்பையில் நாலைந்தை எடுத்து இதழைப் பிரித்துப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்காமல் கடைக்குப் போய் மருந்து வாங்குவதைத்தான் நாம் நிறுத்த வேண்டும்.

முதலில் கையில் எடுத்தது

1990களின் இறுதியில் அரசுத் துறைகளுக்கும் விவசாயிகளுக்கும் கையில் கிடைத்த ஆயுதம் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி. அதை வேர் மூலம் கொடுத்தார்கள். மண்ணைத் தோண்டி, பென்சில் கனத்தில் இளஞ்சிவப்பாக உயிரோடிருக்கும் ஒரு வேரைத் தேடி, நுனியைச் சாய்வாகச் சீவி, மருந்தும் தண்ணீரும் கலந்த சிறு பாலித்தீன் பைக்குள் நுழைத்து, வாயைக் கட்டி, மண்ணை மூடிவிடுவது முறை. வேர் நல்லதாக இருந்தால் மறுநாளைக்குள் பை காலியாகிவிடும். காலியாகவில்லை என்றால் வேறு வேர் பார்க்க வேண்டும். இதழுக்கு அடியில் ஒளிந்திருக்கும் பேனைத் தெளிப்பால் தொட முடியாது, சாற்றில் ஏற்றிவிட்டால் உறிஞ்சும்போது சாகும் என்பது கணக்கு. கணக்கு தவறு என்று சொல்ல முடியாது. எண்ணிக்கை குறைந்தது உண்மைதான்.

ஆனால் இளநீர் குடிப்பதும் அதே மரத்தில்தான். மருந்து கொடுப்பதற்கு முன்பே முற்றிய காய்களை வெட்டிவிட வேண்டும், கொடுத்த பிறகு 45 நாள் அறுவடையே கூடாது என்று அறிவுரை சொல்லப்பட்டது. மாதா மாதம் ஒரு குலை தள்ளும் மரத்தில், இளநீருக்கு ஆள் வந்து நிற்கும் தோப்பில், இந்த 45 நாளை எல்லோரும் காத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம். 2013இல் பீகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவில் கலந்து 23 குழந்தைகளின் உயிரைப் பறித்ததும் மோனோகுரோட்டோபாஸ்தான். அவ்வளவு கொடிய விஷத்தை உணவு தரும் மரத்தின் சாற்றில் ஏற்றுவதற்கு நான் உடன்படமாட்டேன், பேன் எவ்வளவு இருந்தாலும் சரி.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மருந்து தீர்ந்ததும் பக்கத்துத் தோப்பிலிருந்து காற்றில் பேன் வந்துவிடும். பத்து நாளில் ஒரு தலைமுறை என்னும்போது, விட்ட இடத்தைப் பிடிக்க அதிக காலம் தேவையில்லை. ஒருவர் மட்டும் மருந்து கொடுத்து, சுற்றிலும் எல்லோரும் சும்மா இருந்தால் செலவுதான் மிச்சம்.

குலையை எண்ணுவது

காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் படிப்படியாக வேம்புக்கு வந்து சேர்ந்தன. வேப்பெண்ணெய், பூண்டு, சோப்புக் கரைசல் இன்றும் சொல்லப்படும் முறை. பத்து லிட்டருக்கு 200 மில்லி வேப்பெண்ணெய், 200 கிராம் பூண்டு, 50 கிராம் சோப்பு. சோப்பை வெந்நீரில் சீவிப்போட்டுக் கரைத்து, அதில் எண்ணெயை விட்டுப் பால்போல வரும்வரை கலக்க வேண்டும். அப்புறம் அரைத்துத் துணியில் பிழிந்த பூண்டுச் சாறு. எண்ணெய் மேலே பிரிந்து மிதந்தால் கலவை சரியில்லை என்று அர்த்தம். அதைத் தெளிப்பானில் ஊற்றிப் பிரயோஜனம் இல்லை. அன்றே கலக்கி அன்றே தெளித்துவிட வேண்டும். வேரில் கொடுப்பதானால் வேம்பிலிருந்து எடுக்கும் அசாடிராக்டின் ஒரு சதவீதம் உள்ள மருந்து 10 மில்லியும் அதே அளவு தண்ணீரும்.

கலவையைவிட எங்கே தெளிக்கிறோம் என்பது பெரிய விஷயம். தெளிப்புக்கு ஆள் ஏற்றினால், ஏறியவர் கைக்கு எட்டிய பெரிய காய்களை நன்றாக நனைத்துவிட்டு இறங்குவதைப் பல தோப்புகளில் பார்க்கலாம். பெரிய காயில் தழும்பு பளிச்சென்று தெரிகிறது, அதனால் கை அங்கே போகிறது. அங்கே பேன் இல்லை.

நல்ல மரம் மாதம் ஒரு பாளை விடும். எனவே மரத்தின் உச்சியே ஒரு மாதக் காலண்டர். கடைசியாக வெடித்த பாளையிலிருந்து கீழ்நோக்கி எண்ணிக்கொண்டே வாருங்கள். இரண்டாவது குலையிலிருந்து ஆறாவது குலை வரை இருப்பவைதான் இலக்கு. அதிலும் மூன்று, நான்காவது குலைகளை விட்டுவிடவே கூடாது. இதழும் காயும் சேரும் விளிம்பில் கரைசல் கசிந்து உள்ளே இறங்கும்படி, மேலிருந்து காம்பைச் சுற்றி நுண்ணிய துளிகளாகத் தெளிக்க வேண்டும். அப்போதே மலர்ந்திருக்கும் பாளையைத் தொட வேண்டாம். தேனீக்கள் வேலை செய்யும் இடம் அது, அந்தப் பாளையில் பேனும் இன்னும் நுழைந்திருக்காது. மரத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் போதுமானது.

காலம் என்று பார்த்தால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரைக்குள் ஒரு முறை, ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள் ஒரு முறை, செப்டம்பர், அக்டோபரில் ஒரு முறை என்பது காசர்கோட்டுப் பரிந்துரை. பேன் வறண்ட மாதங்களில் ஏறும், நல்ல மழையில் இறங்கும். கொங்குப் பக்கம் கோடை நீளம் என்பதால் முதல் இரண்டு தெளிப்பும் இங்கே உயிர்நாடி. மழை நன்றாகப் பெய்துகொண்டிருக்கும்போது மூன்றாவதைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை என்பது என் கருத்து. முதலில் நாலு குரும்பை பிரித்துப் பாருங்கள், பேன் இருந்தால் தெளியுங்கள்.

தெளித்த பிறகு பலன் பார்ப்பதிலும் அதே தவறு நடக்கிறது. அடுத்த மாத வெட்டில் காய் எப்படி வருகிறது என்று பார்த்து "மருந்து வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தெளித்த அன்று மூன்று மாதமாக இருந்த குலையில் ஒரு காயிதத்தையோ நூலையோ கட்டி அடையாளம் வையுங்கள். அது வெட்டுக்கு வர இன்னும் எட்டு, ஒன்பது மாதம் ஆகும். அந்தக் குலையைப் பார்த்த பிறகு மருந்தைப் பற்றிப் பேசலாம்.

உள்ளே நுழைய முடியாத நண்பன்

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இலங்கையில் நடந்தது. பேனைத் தின்னும் பேன்கள் உண்டு. அவற்றில் 'நியோசெயுலஸ் பராக்கி' என்ற இனம் தேங்காய் இதழ்களுக்கு அடியிலேயே வாழ்ந்து ஈரியோபைட்டைத் தின்கிறது. உடல் தட்டையாக, நீள்வட்டமாக இருக்கும், ஈரியோபைட்டைவிட மிகப் பெரியது. சிக்கலும் அங்கேதான். புழு போன்ற பேன் நுழையும் சந்தில் இந்தப் பெரிய உடம்பு நுழையாது. எதிரி உள்ளே பாதுகாப்பாகப் பெருகும்போது நண்பன் வெளியே நிற்கிறான்.

இலங்கைத் தென்னை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்களும் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து செய்து 2007இல் வெளியான ஆய்வு அந்தச் சந்தின் அகலத்தை அளந்து பார்த்தது. பேன் தாக்கிய காய்களில் இதழுக்கும் தோலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, தாக்காத காய்களில் இருப்பதைவிட அதிகம். அதாவது தாக்குதலுக்குப் பிறகு காயில் நேரும் மாற்றமே நண்பனுக்கு வாசலைத் திறந்துவிடுகிறது. ஆனால் அது திறக்கும்போது பேனுக்கு ஒரு முன்தொடக்கம் கிடைத்துவிட்டிருக்கிறது. தழும்பு முழுதாக மறையாமல், குறைவதோடு நிற்பதற்கு இது ஒரு காரணம். லுணுவிலவில் உள்ள அந்த நிலையம் இந்த இரைதின்னிப் பேனை வளர்த்துத் தோப்புகளில் விடும் வேலையையும் மேற்கொண்டது.

நம் ஊர்த் தோப்புகளிலும் இந்த இரைதின்னிகள் இருக்கின்றன. இதழைப் பிரிக்கும்போது மாவுப் பூச்சுக்கு நடுவே வேகமாக ஓடும், பளபளப்பான, சற்றுப் பெரிய ஒன்று தெரிந்தால் அது இதுதான். ஈரியோபைட் இடம்விட்டு அசையவே நேரம் எடுக்கும், இது நிற்காமல் ஓடும். ஓடுவது நிறைய தெரிந்தால் அந்த முறை எந்தத் தெளிப்பும் இல்லாமல் விட்டுப்பார்க்கலாம். எல்லாவற்றையும் கொல்லும் மருந்தைக் கொடுத்தால், உள்ளே ஒளிந்திருக்கும் பேனைவிட வெளியே அலையும் நண்பன்தான் முதலில் சாவான்.

பெங்களூரின் உயிரியல் கட்டுப்பாட்டுத் திட்ட இயக்ககம் 'ஹிர்சுட்டெல்லா தாம்சோனி' என்ற பூஞ்சையை வைத்தும் முயன்றது. பேனில் நோயை உண்டாக்கிக் கொல்லும் பூஞ்சை அது. ஆனால் ஈரப்பதம் வேண்டும். பேன் அதிகமாகும் காலமோ வறட்சிக் காலம். அதனால் தோப்புக்குத் தோப்பு பலன் மாறியது.

மரத்தின் பங்கு

உரத்தால் பேன் சாகாது. ஆனால் பேன் தாக்கியும் காய் எவ்வளவு பெருக்கிறது என்பது மரத்தின் தெம்பைப் பொறுத்தது. பேன் தாக்கிய தோப்புகளுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 3.5 கிலோ. வழக்கமாக 2 கிலோ போடும் பொட்டாஷைத்தான் இதில் கணிசமாகக் கூட்டியிருக்கிறார்கள். கூடவே தொழு உரம் 50 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 5 கிலோ, ஜிப்சம் 1 கிலோ, மெக்னீசியம் சல்பேட் அரை கிலோ, போராக்ஸ் 50 கிராம். தோப்பைச் சுற்றிச் சவுக்கு வளர்த்தால் காற்றில் வரும் பேன் குறையும், இடையில் சணப்பை விதைத்து மடக்கி உழுதால் மண்ணுக்கும் நல்லது. உதிர்ந்த குரும்பைகளை மரத்தடியில் அப்படியே விடாமல் பொறுக்கி எரித்துவிட வேண்டும்.

சேதம் காயின் அளவோடு நிற்பதில்லை என்பதால்தான் இவ்வளவும். தழும்பு பட்ட மட்டை இறுகி ஓட்டோடு ஒட்டிக்கொள்கிறது. உரிக்கும் ஆளுக்கு ஒரு காய்க்கு இரண்டு காயின் வேலை. நார் நீளம் குறைந்து கயிற்றுக்கு உதவாமல் போகிறது. பருப்பும் குறைவு. விலை பேசும் வியாபாரி மூன்றையும் சேர்த்தே கழிப்பார்.

புதிதாக நடுகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. எல்லா மரமும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. ஒரே தோப்பில், அடுத்தடுத்த மரங்களில், ஒன்று முழுக்கச் சொறியாகவும் மற்றொன்று கிட்டத்தட்டச் சுத்தமாகவும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உருண்டைக் காய்களில் இதழ் இறுக்கமாகப் பொருந்தியிருப்பதால் சேதம் குறைவாக இருப்பதை வெளிநாடுகளிலும் கவனித்திருக்கிறார்கள். சாவக்காடு ஆரஞ்சுக் குட்டையிலும் தாக்குதல் குறைவு. கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பச்சை நெட்டையிலிருந்து தேர்ந்தெடுத்து, பேன் சேதம் குறைவான ரகமாகக் காசர்கோடு நிறுவனம் வெளியிட்டதுதான் 'கல்ப ஹரிதா'. இளநீருக்கும் கொப்பரைக்கும் இரண்டுக்குமே ஆகும்.

நாற்று வாங்க வழி இல்லாதவர்கள் சொந்தத் தோப்பிலேயே விதைக்காய் எடுக்கலாம். இரண்டு கோடை தொடர்ந்து, பக்கத்து மரங்களெல்லாம் தழும்போடு நிற்கும்போது எந்த மரம் சுத்தமாகக் காய்க்கிறதோ அதற்குச் சுண்ணாம்பு அடையாளம் போட்டு வையுங்கள். மழை ஆண்டில் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், அப்போது எல்லா மரமும் நல்ல மரமாகத்தான் தெரியும்.